ஆற்றுத் தண்ணியும் நல்ல தண்ணியும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது எருமை. ஒகேனக்கல் பஸ்ஸில் வந்து, பென்னாகரத்துக்கு முன்பே இறங்கி, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காட்டின் ஓரமாக நடந்து தம்பி வீட்டை அடைந்திருந்தேன். வாசலில் தம்பியின் மனைவி ஒரு பச்சை ஹோஸைப் பிடித்து எருமையின் முதுகில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அது கண்ணைப் பாதி மூடி நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட பிறகு எழும் வாடை வாசல் முழுக்க இருந்தது.

அந்த வாடை எனக்குப் பழக்கம். தருமபுரி டவுனில் என் வீட்டுக் குழாயிலும் அதுதான் வரும். காவிரியில் எடுத்து, சுத்தம் செய்து, குளோரின் கலந்து, மாவட்டம் முழுக்கக் குழாயில் அனுப்பும் தண்ணீர்.

"ஆத்துத் தண்ணியிலயா எருமையைக் கழுவற?" என்றேன்.

"வாங்க அண்ணி. வேற எதுக்கு ஆவுது இது? மோந்து பாருங்க, வாயில வெக்க முடியுதா? எருமை ஒண்ணுதான் குத்தம் சொல்றதில்ல."

"அப்ப குடிக்கறதுக்கு?"

"குடிக்கத்தான் நல்ல தண்ணி இருக்குதே."

வேலியின் அந்தப் பக்கம் இன்னொரு குழாய் இருந்தது. அது தம்பி போட்ட போர்வெல்லில் இருந்து வருவது. தோட்டத்துக்காகப் போட்டான். தண்ணீர் இனிப்பாக வந்ததும் வேலிக்கு வெளியே ஒரு பைப் நீட்டித் தெருவுக்கும் விட்டுவிட்டான். அந்த நேரத்திலேயே நாலைந்து குடங்கள் வரிசையில் நின்றன.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் நல்லதா என்று பார்க்கப் பெண்களிடம் மூன்று சோதனைகள் உண்டு. வாயில் உப்புக் கரிக்கக் கூடாது. பருப்பு பூவாக வேக வேண்டும். சோப்பு நுரைக்க வேண்டும். மூன்றிலும் தேறினால் அது 'நல்ல தண்ணி'. தம்பியின் போர் மூன்றிலும் தேறியது. தோட்டத்துப் பழைய கிணறு மூன்றிலும் தோற்றது. அதற்கு 'உப்புக் கிணறு' என்றே பெயர். ஆற்றுத் தண்ணீர் மோந்து பார்த்த இடத்திலேயே தோற்றுவிட்டது.

நான் சேலத்தில் ஒரு பத்திரிகையில், செய்திகளைத் திருத்தும் டெஸ்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிய செய்திகள் என் மேசை வழியாகத்தான் போயின. நிலத்தடித் தண்ணீரில் இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பொருளை நிருபர்கள் 'ஃப்ளோரைடு' என்றும் 'புளுரைடு' என்றும் எழுதி அனுப்புவார்கள். 'புளோரைடு' என்பது எங்கள் பத்திரிகையின் வழக்கம். ஒவ்வொரு முறையும் திருத்துவேன். தம்பியின் ஊருக்கு ஆற்றுக் குழாய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது, இனி அங்கே கவலையில்லை என்று நினைத்தேன். குழாய் வந்தது செய்தி. அதில் வரும் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை, எருமையைப் பார்க்கும் வரை.

உள்ளே பாப்பா விழித்திருந்தாள். தம்பியின் மூத்த மகளுடைய குழந்தை, பத்து மாதம். மூத்தவளும் அவள் கணவனும் ஓசூரில் கம்பெனி வேலை, ஆளுக்கொரு ஷிஃப்ட், ஓர் அறை வீடு. பிரசவத்துக்கு வந்தவள் இத்தனை நாள் இங்கேயே இருந்தாள். அடுத்த மாதம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பா இங்கேயே தம்பி மனைவியிடம் வளர்வது என்று முடிவாகியிருந்தது. தம்பி மனைவிக்கு அதில் இருந்த சந்தோஷத்தை அவள் நடையிலேயே பார்க்கலாம். தொட்டில் கட்ட உத்தரத்தில் புதுக் கொக்கி மாட்டியிருந்தாள்.

அடுப்பில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"என்ன அது?"

"பாப்பாவுக்குத் தண்ணி. நர்சம்மா காய்ச்சிக் குடுக்கச் சொன்னாங்க. எல்லாரும் ரெண்டு கொதியில எறக்கிடறாங்க. நான் பாதியா சுண்டற வரைக்கும் வுடுவேன். கஷாயம் மாதிரி. அப்பத்தான் எல்லாமே செத்துப் போவும்."

ராகியை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, அந்தச் சுண்டிய தண்ணீரில் காய்ச்சித்தான் பாப்பாவுக்குக் கொடுக்கிறாள். சிரத்தையில் ஒரு குறை சொல்ல முடியாது.

தம்பி தோட்டத்திலிருந்து வந்தான். "எப்பக்கா வந்த?" என்று கேட்டவன், என்னைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பினான். கழுத்து மட்டும் திரும்புவதில்லை. எலும்புத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதாகப் போனில் சொல்லியிருந்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் காலையில், அடுப்பின் பக்கத்தில் நின்று பார்த்தபோது, அந்தத் திரும்பல் எனக்குப் பழக்கமானதாகத் தோன்றியது. தண்ணீர்ச் செய்திகளுக்கு நான் தேர்ந்தெடுத்த புகைப்படங்களில் இருந்தவர்கள் அப்படித்தான் நின்றார்கள். அவர்களுடைய முதுகைப் பார்த்து எந்தப் படம் நன்றாக வரும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

தம்பியின் இளைய மகள் பிளஸ் டூ. வேதியியல் பரீட்சைக்கு நான் துணைக்கு உட்கார்ந்தால் நன்றாகப் படிப்பாள் என்று தம்பி கூப்பிட்டதால்தான் நான் வந்ததே. எனக்கு வேதியியல் தெரியாது. அவளுக்கு வேண்டியது கேட்பதற்கு ஒரு ஆள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டாள்.

"பி தொகுதி, அத்தை. ஆறு குடும்பம். புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. போரான் குடும்பம், கார்பன் குடும்பம், நைட்ரஜன் குடும்பம். நான் வூடுன்னு வெச்சுக்குவேன், அப்பத்தான் நிக்கும்."

"சொல்லு."

"பதினெட்டாம் வூடு மந்த வாயுங்க. வெளிக்கூட்டுல எல்லாம் நெறைஞ்சு கெடக்குது. யாருகிட்டயும் வாங்கறதில்ல, குடுக்கறதில்ல. பக்கத்துல பதினேழாம் வூடு, ஹாலஜன். அவங்களுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் கொறச்சல். அதுக்குத்தான் அந்தப் புடுங்கு."

"நம்ம எதிர் வூடு மாதிரி" என்றாள் அவள் அம்மா அடுப்படியிலிருந்து.

"அம்மா, நீ குறுக்க பேசாத. மறந்துடும்." அவள் விரலை மடக்கினாள். "மேல இருந்து கீழ போகப் போக ஆளு பெருசாவும், பிடி தளரும். ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின். மேல ரெண்டும் வாயு, புரோமின் திரவம், அயோடின் கல்லு மாதிரி. ஒரே குடும்பம், ஆனா பாரு. எல்லாத்துலயும் சின்னது ஃப்ளோரின். புடுங்கறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல. அதுவே போயி ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கறது கஷ்டம். கால்சியம்னா அதுக்கு ரொம்ப இஷ்டம்."

"சரி."

"அடுத்தது அஞ்சு மார்க். ஒவ்வொரு குடும்பத்துலயும் முதல் தனிமம் மட்டும் மத்ததுங்க மாதிரி இருக்காது. முரண்பட்ட பண்புகள். ஏன்னா அது அளவுல சின்னது, டி ஆர்பிட்டால் கெடையாது. கார்பன் அவங்க வூட்டுல தனி. நைட்ரஜன் அவங்க வூட்டுல தனி." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நம்ம வூட்டுல நீங்க, அத்தை."

"நானா? எதனால?"

"கண்ணாடியில பாருங்க." சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது.

அவளுக்கு முன்பற்கள் பழுப்பு. மேல் பற்களில் குறுக்காக வரி. அவள் அக்காவுக்கும் அப்படித்தான். தம்பிக்கு இன்னும் அடர்த்தியாக, அங்கங்கே குழி விழுந்து. தெருவில் பாதிப் பேருக்கு அப்படி. எனக்கு மட்டும் வெள்ளை.

நான் எதுவும் செய்து அது வரவில்லை. எனக்கு ஒன்றரை வயதில் அம்மா மறுபடி உண்டானாள். உடம்பு முடியவில்லை. சேலத்திலிருந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்று என்னைத் தூக்கிப்போனாள். அந்தக் கொஞ்ச நாள் கல்லூரி வரை நீண்டது. அங்கே மேட்டூர்த் தண்ணீர். தம்பி இங்கே பிறந்து தெருமுனை அடிபம்புத் தண்ணீரில் வளர்ந்தான். பால் பல் விழுந்து வரும் பற்கள், குழந்தை தவழும் வயதிலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. எட்டு வயது வரை எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பதைப் பல் பிறகு சொல்லிவிடும். அடுத்துப் பிறந்தவன் இவன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமல் அவன் இங்கே இருந்தான், நான் அங்கே போனேன்.

அம்மா எப்போதாவது சேலம் வருவாள். ஒரு முறை அவளிடம், "எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். பெரியம்மா வீட்டில் பெரியவர்களை அப்படித்தான் கேட்கப் பழக்கியிருந்தார்கள். இங்கே பிள்ளைகள் அம்மாவை 'நீ' என்பார்கள். அம்மா பெரியம்மாவைப் பார்த்து, "சம்பந்தி வூட்டுக்காரிகிட்டக் கேக்கற மாதிரி கேக்குது பாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் ஒரு கிட் குடுத்திருக்காங்க அத்தை" என்றாள் சின்னவள். "தண்ணியில ஃப்ளூரைடு பாக்கறது. அறிவியல் மன்றத்துக்கு. நம்ம வூட்டுத் தண்ணியை இன்னும் பாக்கல. பாக்கலாமா?"

அவள் கேட்டது படிப்பிலிருந்து தப்பிக்க. நான் சரி என்றது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்காக.

நான்கு சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினாள். ஆற்றுத் தண்ணீர், உப்புக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், அம்மா சுண்டக் காய்ச்சியது. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் திரவத்தைச் சொட்டினாள். புளோரைடு இல்லாவிட்டால் சிவப்பாகவே நிற்கும், ஏற ஏற வெளுத்து மஞ்சளாகும் என்று சொன்னாள். வீட்டில் எல்லோரும் வந்து நின்றார்கள். மூத்தவள் பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தாள்.

ஆற்றுத் தண்ணீர் சிவப்பாக நின்றது. உப்புக் கிணறு கொஞ்சம் ஆரஞ்சுக்கு வந்தது. போர் தண்ணீர் மஞ்சளானது. காய்ச்சியது அதைவிட மஞ்சளாக, எலுமிச்சைத் தோல் நிறத்தில் நின்றது.

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். "மாத்தி ஊத்திட்டியாடி?"

"இல்லம்மா."

"காய்ச்சினதுல எப்படி ஜாஸ்தியாவும்? கொதிக்கக் கொதிக்கக் கிருமி சாவுதில்ல?"

"சாவுது."

"அப்புறம் என்னா?"

"இது கிருமி இல்லம்மா. சாவறதுக்கு உசுரு இல்ல. தண்ணிதான் ஆவியாப் போவுது, இது அங்கேயே நிக்குது. பாதியா சுண்டினா ரெண்டு பங்கு."

தம்பி ஜன்னலுக்கு நேராக உடம்பைத் திருப்பி நின்று குழாய்களைப் பார்த்தான். "மருந்து பழசா இருக்கும். இந்தத் தண்ணியில பருப்பு எப்படி வேவுது தெரியுமா? ஊரே வந்து புடிக்குது."

"அதனாலதான்ப்பா. பருப்பு நல்லா வேவுதுன்னா அதுல சுண்ணாம்பு இல்லன்னு அர்த்தம். சுண்ணாம்பு இருந்தா அது ஃப்ளூரைடைப் புடிச்சு வெச்சுக்கும், தண்ணியில அவ்வளவா வுடாது. உப்புக் கெணறு பரவால்லன்னு காட்டுது பாரு."

புத்தகத்தில் படித்ததை அப்படியே சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. அதனால்தான் இன்னும் கனமாக விழுந்தது. தம்பி வெளியே போனான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, "மகராசன், உன்னாலதான் இந்தத் தெரு நல்ல தண்ணி குடிக்குது" என்றாள். எப்போதும் சொல்வதுதான். அவன் தலையாட்டினான்.

மூத்தவள் பாப்பாவைக் கட்டிலில் விட்டாள். "அம்மா, பாப்பாவுக்கு இனிமே இந்தத் தண்ணி வேணாம்."

"நான் தெரிஞ்சா குடுத்தேன்?"

"தெரிஞ்சு குடுத்தன்னு யாரு சொன்னா? ஓசூர்ல வேலைக்குச் சேரப் போனப்ப அந்த ஆபீசர் என்னா கேட்டான் தெரியுமா? 'பாக்குப் போடுவியாம்மா? கம்பெனிக்குள்ள அதெல்லாம் கூடாது'ன்னான். தண்ணியாலதான் சார்னு சொன்னேன். அவன் நம்பல. இன்னிக்கும் சாப்பாட்டு மேசையில எதுத்தாப்ல யாராவது உக்காந்தா நான் பேசறதில்ல. என் புள்ள அப்படி உக்காரக் கூடாது."

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துப்போய் வாழைக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். நான் பின்னால் போனேன். ஆறுதலாகச் சொல்ல ஒரு வரி கிடைக்குமா என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் வெள்ளைப் பல்லோடு சொல்ல வேண்டிய வரியாக இருந்தது.

வழியைச் சின்னவள்தான் சொன்னாள். குளோரின் வாயு, அது நிற்காது, ஓடப் பார்க்கும். ஆற்றுத் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவில் பிடித்து, மேலே மெல்லிய துணி கட்டி, ராத்திரி முழுக்க வைத்தால் வாடை போய்விடும். மறுநாள் காலையில் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கலாம். "மோந்தா நாத்தம் அடிக்கறது போயிடும். மோந்து பாத்தா ஒண்ணுமே தெரியாத அவன் தம்பி ஃப்ளூரைடுதான் போவ மாட்டான்" என்றாள். அவள் அப்பா அப்போது பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலையில் தம்பி மனைவி அண்டாவின் துணியை அவிழ்த்து மூக்கைக் கொண்டுபோனாள். இன்னொரு முறை மோந்தாள். "போயிருச்சு" என்றாள். "இத்தன நாளா எருமைக்கு ஊத்தினேனே அண்ணி."

நான் டவுனுக்குத் திரும்பினேன். மூத்தவள் அடுத்த மாதம் ஓசூர் போனாள். பாப்பா இங்கேயே இருந்தாள். தம்பி மனைவி தினமும் போன் செய்து, தண்ணீர் பிடித்ததை, துணி கட்டியதை, பாப்பா எவ்வளவு குடித்தாள் என்பதைச் சொல்வாள். ஒப்பிப்பது போல இருக்கும். நான் எப்போது அதிகாரியானேன் என்று நினைப்பேன், ஆனால் சொல்ல வேண்டாம் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. தம்பி தெருக் குழாயின் பக்கத்தில் நின்று, இது குடிக்க ஆகாது, புழங்க மட்டும் பிடியுங்கள் என்று வந்தவர்களிடம் சொன்னான். தண்ணீரை நிறுத்தத்தான் இந்தக் கதை என்று சிலர் நினைத்தார்கள். "கெணத்துக்காரன் மனசு கெணத்து ஆழம்" என்று ஒருத்தி அவன் காதுபடவே சொன்னாள். அவன் குழாயை மூடவில்லை. திறந்துவிட்டுப் போய்விடுவான், அங்கே நிற்க மாட்டான்.

சித்திரையில் ஆற்றுக் குழாய் நின்றது. எங்கோ உடைப்பு என்றார்கள். டிரம்மில் பிடித்து வைத்தது தீர்ந்தது. தம்பி கேன் தண்ணீர் வாங்கினான். சின்னவள் முதல் கேனைச் சோதித்தாள், சிவப்பாக நின்றது. அடுத்த கேன் அதே வண்டியில்தான் வந்தது, அது வெளுத்தது. மெஷினில் வடிகட்டியை மாற்றவில்லையோ, மூடி மட்டும் போட்டுக் கொண்டுவந்தார்களோ, யாருக்கும் தெரியவில்லை. சின்னவள் அதை அக்காவுக்குப் போனில் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே மூத்தவள் ஓசூரிலிருந்து வந்தாள். என்னையும் வரச் சொன்னார்கள்.

தம்பி மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தாள். மூத்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அத்தை, உங்க வூட்டுக்குத் தண்ணி நிக்காம வருதுங்களா?"

"வருது. நின்னாலும் ஒரு நாள்தான்."

"எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

அவள் கேட்கவில்லை. அவள் அம்மாதான் கேட்டாள், களித்துடுப்பை நிறுத்தாமல், எங்களைப் பார்க்காமல். "கேக்கறதுக்கு என்னா இருக்குது. நான் வளத்த ரெண்டும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க. பாப்பா அண்ணி வூட்டுல இருக்கட்டும்."

"கொஞ்ச நாளைக்கும்மா" என்றாள் மூத்தவள்.

"ஆமாம். கொஞ்ச நாளைக்கு."

நான் சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. உடனே சொன்னேன். களி கெட்டியாகிவிட்டது, அவள் இன்னும் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு பையில் பாப்பாவின் துணிகள், ராகி மாவு, வசம்பு, தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய சேலைத் துண்டு. தம்பி எங்களை பைக்கில் ரோடு வரை கொண்டுவந்து விட்டான். ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும் கூட்டம், பஸ் முழுக்க மீன் வறுவல் மணம், ஈரத் தலைகள். பாப்பா என் மடியில் தூங்கினாள். பாதி வழியில்தான் எனக்கு அது தோன்றியது. என் வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து நானே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கலாம். வாரம் இரண்டு நடை போதும். உடைப்பைச் சரி செய்யும் வரை அவர்கள் வீட்டிலேயே நான் தங்கியும் இருக்கலாம். எனக்கு வேறு வேலை இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது இது ஏன் தோன்றவில்லை என்று என்னையே கேட்டேன். தோன்றாமல் இல்லையோ என்ற சந்தேகமும் வந்தது. டவுன் வரும்வரை குழந்தையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுத் தண்ணீர் சில நாட்களில் திரும்ப வந்துவிட்டது. சின்னவள் போனில் சொன்னாள். அவள் பரீட்சை முடிந்திருந்தது. முதல் தனிமக் கேள்வி வந்ததாம், அஞ்சுக்கு அஞ்சு எழுதியிருப்பதாகச் சொன்னாள். பாப்பாவைத் திருப்பிக் கொண்டுபோவது பற்றி அவள் கேட்கவில்லை. தம்பி கேட்கவில்லை. ஓசூரிலிருந்தும் யாரும் கேட்கவில்லை. திரும்ப நின்றால் என்ன செய்வது என்று எல்லோரும் ஒரே பதிலை வைத்திருந்தோம். அது நியாயமான பதில்தான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. என் வீட்டில் இப்போது காலையில் ஒரு சத்தம் இருக்கிறது. பாப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிற்கப் பழகியிருக்கிறாள்.

தம்பி மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். காட்டு வேலை, எருமை, சமையல் எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பினால் இங்கே வந்து சேர மதியமாகிவிடும். வந்ததும் கைகால் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவாள். என் சமையலறையில் எதையும் என்னைக் கேட்காமல் எடுக்க மாட்டாள். முன்பெல்லாம் என் வீட்டில் அவள் அப்படி இல்லை.

போன ஞாயிறு அவள் வந்தபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய இரவு சளி, சரியாகத் தூங்கவில்லை. தம்பி மனைவி கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாங்க அண்ணி. தூங்கற புள்ளையை எழுப்பக் கூடாது. அதுவா முழிக்கட்டும்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். கொண்டுவந்திருந்த ராகி மாவை டப்பாவில் கொட்டட்டுமா என்று கேட்டுக் கொட்டினாள். பாப்பாவின் நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்து, கைப்பையிலிருந்து நகவெட்டி எடுத்து, தூக்கம் கலையாமல் ஒவ்வொரு விரலாக வெட்டினாள். இரண்டு கையும் முடிந்தது. வெட்டிய நகங்களை உள்ளங்கையில் சேர்த்து வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிர் வீட்டு நாய், காய்கறி வண்டி, மிக்ஸி எதற்கும் குழந்தை அசையவில்லை. நான் அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கலாம். மெதுவாகத்தான் வைத்தேன்.

"மாடு கத்தும்" என்று நாலரை மணி பஸ்ஸுக்கு எழுந்தாள். கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பாப்பா ஐந்து மணிக்கு எழுந்தாள்.